சாத்தாங்காட்டுக் காந்தமும் உள்ளே வைத்த கம்பியும்

1. தேசிங்கு என்பவருக்கு வலது சிறுநீர்க் குழாயின் மேற்பகுதியில் கல் அடைத்துக்கொண்டது. அவருடைய இடது சிறுநீரகம் பிறவியிலேயே சுருங்கிப்போனது. வேலை செய்வது ஒன்றுதான். அதன் வழியில்தான் கல்.
2. எங்கள் மருத்துவமனைக்குக் கல்லைத் தூளாக்கும் லேசர் வந்த புதிது. அவரை மேசையில் படுக்கவைத்தோம். கல் திரையில் தெரிந்தது. டாக்டர் அதைத் தொடாமல் நிறுத்திவிட்டார்.
3. சிறுநீர் இறங்குவதற்காகக் கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்தோம். சில வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினோம்.
4. அவர் வரவில்லை.
5. வரவழைத்தபோது, “கல்லு இருந்துட்டுப் போவட்டும், உள்ள வெச்சத மட்டும் எடுத்துடுங்க” என்றார்.
6. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல்.

புதிதாக ஆபரேஷன் தியேட்டருக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டெக்னீஷியன். இந்த மாதத்தோடு இங்கிருந்து விலகி, டிப்ளமோ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன். லேசர் ஃபைபரின் நுனியை எப்படிச் சீவுவது, தண்ணீர்ப் பையை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்பதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரா உள்ளே போனதும் பெரிய விளக்கை அணைத்துவிடுவோம். ஜன்னல்களில் கறுப்புத் திரை. வெளியே ராயபுரத்தின் காலை நடந்துகொண்டிருக்கும். மீன் கூடைகள், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள், ரயில். உள்ளே மானிட்டரின் வெளிச்சம் மட்டும். கப்பலின் ஊதல் கேட்கும்போது அது சுவரைத் தாண்டி வருகிறதா, திரைக்குள்ளிருந்து வருகிறதா என்று ஒரு கணம் குழப்பமாக இருக்கும். சிறுநீர்க் குழாயின் உட்புறம் வெளிர் ரோஜா நிறம். ஈரமாக, தூங்குகிறவரின் தொண்டை மாதிரி மெல்லச் சுருங்கி விரியும். தண்ணீர் அதைத் திறந்துகொண்டே போகும், பின்னால் நாம் போவோம். காலில் செருப்பு இருப்பதும், முதுகு வலிப்பதும் மறந்துபோகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

தேசிங்கின் முதல் அறுவை அன்று அப்படித்தான் தோன்றியது. அவருக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசியோடு தூக்க ஊசியும் போட்டிருந்ததால் உறங்கிவிட்டார். வழி குறுகலாக இருந்தது. டாக்டர் மெதுவாக மேலே போனார். ஒரு வளைவைத் தாண்டியதும் கல்லின் ஓரம் தெரிந்தது. பழுப்பும் மஞ்சளுமாக, பாதி மடிப்புக்குப் பின்னால் மறைந்து, கடற்கரையில் தடுப்புக்குப் போட்டிருக்கும் பாறை அலைக்கு இடையில் தெரிவதுபோல. நான் ஃபைபரைக் கையில் எடுத்துவிட்டேன். மயக்க மருந்து டாக்டர், “வந்தாச்சு, முடிச்சுடலாம்” என்றார்.

டாக்டர் கேமரா பொருத்திய ஸ்கோப்பை ஒரு நூல் அளவு பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். குழாயின் சுவரும் கூடவே வந்தது.

அதை நான் பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. சுவர் ஸ்கோப்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் தள்ளினாலும் ஆபத்து, வேகமாக இழுத்தாலும் ஆபத்து. குழாய் கிழிந்தால் அந்த மனிதருக்கு இருக்கும் ஒரே சிறுநீரகம் போய்விடும்.

“கம்பி குடும்மா” என்றார் டாக்டர்.

கம்பி என்றால் எங்களுக்கு வழிகாட்டிக் கம்பி. தையல் ஊசி அளவு தடிமன், ஆள் உயரம் நீளம். அதைக் கல்லின் பக்கவாட்டில் செலுத்தினார். ஒருமுறை மடங்கியது. இரண்டாம் முறை கல்லைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குள் போனது எக்ஸ்ரே திரையில் தெரிந்தது. ஸ்கோப்பைச் சுவர் விடும்வரை காத்திருந்து, அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். பிறகு கம்பியின் மேலேயே மெல்லிய குழாயை ஏற்றினார். கம்பியை உருவினோம். குழாய் உள்ளே நின்றது.

“கல்லு அங்கதான் இருக்கும். எங்கயும் போகாது” என்றார் டாக்டர், யாரும் கேட்காமலே. குழாய் சில வாரம் உள்ளே இருந்தால் வழி தானாகத் தளர்ந்து அகலமாகும். அப்புறம் சுலபமாகப் போகலாம். ஆனால் அதை மறந்து மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படிந்து, எடுக்கவும் முடியாமல் போகும். அதனால் திரும்பி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேசிங்கு திரும்பி வரவில்லை.

அவர் கொடுத்திருந்த எண் எம்.கே.பி. நகரில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையுடையது. கடைக்காரர் தென்மாவட்டத்துக்காரர். “லைன்ல இருங்க, ஆளு விட்டுக் கூப்பிடுதேன்” என்றார். பருப்பு அளக்கும் சத்தம், சில்லறைச் சத்தம், யாரோ வெல்லத்தின் விலையைப் பற்றிப் பேரம் பேசும் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். தேசிங்கின் மனைவி மல்லிகா வந்தார்.

“வூட்லதாம்மா கீறாரு. வேலைக்கும் போறதில்ல, ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டன்றாரு. கேட்டா கம்பின்றாரு, காந்தம்ன்றாரு. எனுக்கு ஒண்ணும் வௌங்கல.”

“எப்படியாவது கூட்டிட்டு வாங்கக்கா. விடக் கூடாது.”

“நான் இஸ்துகினு வரேன், நீ போன வெய்யி.”

மறுநாளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தேசிங்கு நல்ல உயரம். இடுப்பில் ஒரு கையை வைத்தபடி, முட்டையைச் சுமப்பவர்போல நடந்து வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“தேதி தாண்டிப் போச்சேண்ணா. ஏன் வரலை?” என்றேன்.

“வந்தா இன்னொரு கம்பி வெப்பீங்கோ. ஒண்ணுக்கே நான் பேஜாராய்கினு கீறேன் சிஸ்டர்.”

“கம்பின்னு யார் சொன்னாங்க?”

“வார்டு சிஸ்டருதான். வூட்டுக்குப் போ சொல்லோ சொல்ச்சு. ‘உள்ள கம்பி வெச்சிருக்கு, மறந்துடாத, வந்து எடுத்துக்கோ’ன்னு. நான் எங்க மறக்கறது. தூங்கினாலும் அதே நெனப்பு.”

“திரும்பிக்கூடப் படுக்க மாட்டன்றாரும்மா” என்றார் மல்லிகா. “வளைஞ்சுடுமாம்.”

தேசிங்கு அவரைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். “நான் வேல செய்ற எடம் தெரியுமா உனுக்கு? சாத்தாங்காட்ல இரும்பு யார்டு. மேல கிரேன்ல காந்தம் தொங்கும். தோ, இந்த டேபிள் சைசு. சுவிட்சு போட்டா பிளேட்டு பிளேட்டா தூக்கும். சுவிட்ச ஆஃப் பண்ணா தொப்புனு வுடும். அதுக்குக் கீய நின்னுகினு கை காட்டறதுதான் என் வேல. வவுத்துக்குள்ள கம்பிய வெச்சுகினு நான் எப்டி அங்க நிக்கறது?”

சிரிப்பு வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

“தோஸ்துங்க சொன்னானுங்க, செக் பண்ணிடலாம்டான்னு. ஆட்டோ ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தக் கய்ட்டி வவுத்துமேல வெச்சானுங்க. ‘இஸ்துதா மாமு?’ன்னான் ஒருத்தன். இஸ்துச்சு சிஸ்டர். சத்தியமா சொல்றேன். உள்ள ஜிவ்வுனு இஸ்துச்சு.”

“நடுத்தெருவுல சட்டையத் தூக்கிகினு நின்னா யாருக்கும் ஜிவ்வுனுதான் இருக்கும்” என்றார் மல்லிகா.

“நீ சும்மா இரு.”

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே குழாய் இருப்பவர்களுக்கு நடந்தாலும் குனிந்தாலும் சிறுநீர் கழித்தாலும் விலாவில் ஒரு இழுப்பு வரும். வலி நிஜம். அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான் வேறு.

டாக்டரிடம் போனோம். வெளியே கூட்டம் நிறைந்திருந்தது. தேசிங்கு நின்றுகொண்டே சொன்னார்: “சார், கல்லு இருந்துட்டுப் போவட்டும். கம்பிய எடுத்துடுங்க. இந்த வாரம் யார்டுக்குப் போலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க.”

“எடுத்தா கல்லு மறுபடி அடைக்கும். ஒண்ணுக்கே வராது. உங்களுக்கு இருக்கறது ஒரு கிட்னி.”

“அது அப்பால சார். வேல போச்சுன்னா வூட்ல நாளைக்கே அடுப்பு எரியாது.”

பணியிலிருந்த இளம் மருத்துவர் டாக்டரின் காதருகே, “எழுதி வாங்கிட்டு எடுத்துடலாம் சார். நாம சொல்லியாச்சு” என்றார். அதில் தவறு ஒன்றும் இல்லை. சட்டப்படி அதுவே போதும். டாக்டர் தேசிங்கு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அவரும் கல்லும் ஒன்று, அவசரப்படுத்தினால் இரண்டும் நகராது.

நான், “சார், கொஞ்ச நேரம் கொடுங்க” என்றேன்.

ஸ்டோரில் காலாவதியான ஒரு குழாய் இருந்தது. அதை எடுத்துவந்து பக்கத்து அறையில் தேசிங்கின் கையில் கொடுத்தேன். நீல நிறம், நூடுல்ஸ் மாதிரி துவளும், இரண்டு முனையும் சுருண்டிருக்கும். “உங்களுக்குள்ள இருக்கறது இதுதான். பிளாஸ்டிக்.”

அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து அந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தார். கூடவே கொண்டு வந்திருந்தார். குழாயின் மேல் வைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. திருப்பி வைத்தார். ஒட்டவில்லை. காந்தத்தில் கோளாறோ என்று மேசையின் காலில் வைத்தார், டக்கென்று பிடித்துக்கொண்டது.

“சரி. இது பிளாஸ்டிக்குதான். அப்ப கம்பி எங்க?”

“கம்பி தனி.”

“அதக் காட்டு.”

பயன்படுத்தி ஒதுக்கிய ஒரு வழிகாட்டிக் கம்பி இருந்தது. அதைக் கொடுத்தேன். அவர் காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். கம்பி துள்ளவில்லை. அதன் நடுப்பகுதி தூக்கத்தில் புரள்வதுபோல மெல்லத் திரும்பி, சாய்ந்து, காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அது எஃகு என்று படித்திருக்கிறேன், ஆனால் காந்தம் வைத்துப் பார்த்ததில்லை.

தேசிங்கு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். “பாத்தியா? நான் சொன்னா பைத்தியம்ன்றியே. இத்தத்தான உள்ள வுட்டாங்க?”

“ஆமாண்ணா, இதைத்தான் விட்டோம்” என்றேன். இல்லையென்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எழுந்து போயிருப்பார். “விட்டோம், அப்புறம் எடுத்துட்டோம்.”

“எடுத்தீங்கன்னு நான் எப்டி நம்பறது? எனுக்குத்தான் மயக்கம் குடுத்துட்டீங்களே.”

அந்தக் கேள்வி நியாயமானது. மல்லிகா கம்பியைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பதிலுக்காக இல்லாமல், கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகவே, தியேட்டரில் செய்வதைப்போலக் கம்பியைக் குழாயின் ஒரு முனையில் நுழைத்துத் தள்ளினேன். சுருண்டிருந்த முனை நேரானது. மறுமுனையும் நேரானது. குழாய் குச்சி மாதிரி நின்றது. பிறகு கம்பியை உருவினேன். உருவிக்கொண்டு வரும்போதே, அது விட்டுப்போன இடத்தில் குழாய் சோம்பல் முறிப்பதுபோல வளைந்து, வட்டமாகச் சுருண்டது.

தேசிங்கு, “இன்னொரு தபா செய்யி” என்றார்.

செய்தேன்.

“கம்பி கீற வரைக்கும் நேரா நிக்குது.”

“ஆமா.”

“வெளிய வந்தாதான் சுத்திக்குது.”

“ஆமா. மேல ஒரு சுருள் கிட்னில மாட்டிக்கும், கீழ ஒரு சுருள் மூத்திரப் பையில. நழுவாம இருக்கறதுக்குத்தான் அந்தச் சுருள்.”

அவர் என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை செய்து பார்த்தார். கிரேனில் தொங்கும் பாரத்தைப் பார்த்துப் பழகிய கண்கள், அவை அந்த முனையைவிட்டு நகரவில்லை. பிறகு, “என் எக்ஸ்ரே எங்க?” என்றார்.

டாக்டரின் மேசையிலிருந்து கொண்டுவந்தேன். வெளிச்சப் பெட்டிக்குப் போகாமல் ஜன்னலில் பிடித்தார். அவருடைய எலும்புகளுக்குப் பின்னால் துறைமுகத்தின் புகைபடிந்த வானம் தெரிந்தது. முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு. வீட்டில் அந்தப் படத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்து, அந்தக் கோட்டைத்தான் அவர் கம்பி என்று நம்பியிருந்தார். இப்போது கோட்டைவிட்டு அதன் முனையைப் பார்த்தார். மேலே ஒரு வட்டம். விரலால் கோட்டின் வழியே இறங்கினார். கீழே ஒரு வட்டம்.

“மல்லி, தோ பாரு. ரெண்டு பக்கமும் சுத்திகினு கீது.”

“சுத்திகினு கீது, அதுக்கு இன்னா?”

“கம்பி கீதுன்னா நேரா நிக்கும்டி.”

நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக.

டாக்டரிடம் திரும்பிப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “காந்தத்துக்குக் கீய நிக்கலாமா சார்?”

“நிக்கலாம். பாரம் தூக்கக் கூடாது.”

“அதுதான் தூக்கப்போவுது, நான் ஏன் சார் தூக்கறேன்.”

அறுவைக்குத் தேதி கொடுத்தோம். ஒரு நிபந்தனை வைத்தார்: இந்த முறை தூக்க ஊசி வேண்டாம், விழித்திருப்பேன். டாக்டர் ஒப்புக்கொண்டார்.

அறுவை நாளன்று மானிட்டரைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. முதலில் பழைய குழாயை உருவி எடுத்தோம். விளக்கை அணைத்தோம். ரோஜா நிற வழி திறந்தது. முன்பு கவ்விப் பிடித்த இடம் இப்போது தளர்ந்து, தண்ணீருக்கு ஒதுங்கிக் கொடுத்தது.

“இது நானா சிஸ்டர்?” என்றார் மெதுவாக.

“நீங்கதான்.”

“தெரு சப்வே மாதிரி கீது. மழ பெய்ஞ்ச சப்வே.”

கல்லின் முன்னால் போய் நின்றோம். ஃபைபரின் நுனியிலிருந்து சிறிய வெளிச்சப் புள்ளி கல்லின் மேல் விழுந்தது. டாக்டர் மிதியை அழுத்தினார். டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், எங்கோ தூரத்துப் பட்டறையில் கேட்பதுபோல. கல்லிலிருந்து தூள் கிளம்பியது. வெள்ளை வெள்ளையாக, மாவு மில்லில் பறப்பதுபோல, பிறகு போகிப் புகைபோலத் திரை முழுவதும் நிறைந்தது. எதுவும் தெரியவில்லை.

டாக்டர் காலை எடுத்துவிட்டார். தூள் படியும்வரை சும்மா நின்றார். இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கண் தெரியாமல் சுட்டால் சுவரில் ஓட்டை விழும். எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எனக்குத் தண்ணீரின் வேகத்தைக் கூட்டலாம் என்று தோன்றியது. கூட்டினால் கல் மேலே ஓடிச் சிறுநீரகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் நானும் சும்மா நின்றேன். அந்த வெள்ளைக்குள் ஆறு ஜோடிக் கண்கள் எதையும் பார்க்காமல் காத்திருந்தன. கப்பல் ஒன்று ஊதியது.

“இன்னா சார், பவர் கட்டா?” என்றார் தேசிங்கு.

“இல்லப்பா. உன் கல்லுதான் மிதக்குது.”

தூள் தணிந்தது. கல் பாதியாகியிருந்தது. இப்படிப் பலமுறை சுட்டு, நின்று, சுட்டு, கடைசியில் ரோஜா நிறம் மட்டும் மிஞ்சியது. மேலே சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் ஒரு சின்ன ஊற்றுபோலச் சுழன்று இறங்கியது. அவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

வீக்கம் வடிவதற்காக இன்னொரு குழாய் வைக்க வேண்டியிருந்தது. கம்பியைச் செலுத்தி, அதன் மேல் குழாயை ஏற்றினோம். டாக்டர் உருவிக் கொடுத்த கம்பியை நான் நேராக அவர் தலைமாட்டுக்குக் கொண்டுபோனேன். பச்சைத் துணிக்கு மேலே இரண்டு கைகளிலும் விரித்துக் காட்டினேன்.

“முழுசா வந்துடுச்சா? நுனி கீதா?”

“நுனி இதோ.”

தலையை உயர்த்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார். தூங்கியும்விட்டார், ஊசி இல்லாமலே.

வார்டு சிஸ்டர்மேல் நீங்கள் கோபப்படுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் வார்டில் ‘டியூப்’ என்றுதான் சொல்வார்கள். சிறுநீர்ப் பையில் போடும் குழாயையும் டியூப் என்றே சொல்வதால், அதை எடுத்து வீட்டுக்கு அனுப்பியதும், டியூப் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துச் சிலர் வராமலே இருந்துவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் அவர்கள் ‘கம்பி’க்கு மாறினார்கள். தேசிங்குக்குப் பிறகு நாங்கள் ‘சுருள்’ என்று சொல்லிப் பார்த்தோம். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, கருத்தடைக்கு வைக்கும் சுருள் என்று நினைத்து, “எனுக்கு மூணு பேரன் எடுத்தாச்சு, இனிமே இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?” என்று கேட்டார். எந்தச் சொல்லைச் சொன்னாலும், கேட்பவர் அதைத் தன் வீட்டுக்கும் தன் வேலைக்கும் எடுத்துக்கொண்டு போகிறார். ஆகவே இப்போது ஒவ்வொருவரிடமும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறோம். பிறகு ஒரு குழாயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறோம். நேரம் அதிகம் பிடிக்கிறது. வெளியே கூட்டம் நிற்கும்போது இது முதலில் கைவிடப்படுகிறது.

தேசிங்குக்கு இரண்டாவது குழாயையும் எடுத்தாகிவிட்டது. வலது சிறுநீரகம் வேலை செய்கிறது; இடதில் மாற்றம் இல்லை. அவர் பழைய யார்டில் பழைய இடத்திலேயே நின்று கை காட்டுகிறார். போன வருடம் ஸ்கேனுக்கு வந்தார், கல் இல்லை. இந்த வருடம் இன்னும் வரவில்லை. மளிகைக் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.